ட்ராயிங் மாறினால் கேட்கிறோம், கணக்கு எண் மாறினால்?

"நம்மகிட்ட என்ன சார் இருக்கு, எவன் வந்து திருடப் போறான்?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு வேலைக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறவன் நான். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாக்கியம்தான் முதலில் வரும். பாடியில் டூல் ரூம் வைத்திருப்பவரும், திருமுல்லைவாயலில் பவுடர் கோட்டிங் செய்பவரும், பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை நடத்துபவரும் வார்த்தை மாறாமல் சொல்கிறார்கள். இவர்கள் விவரமில்லாதவர்கள் இல்லை. மைக்ரான் கணக்கில் உலோகத்தைக் கடைந்து கொடுப்பவர்கள். பெரிய கம்பெனி பில்லை மூன்று மாதம் இழுத்தடித்தாலும் ஆட்களின் சம்பளத்தை நிறுத்தாதவர்கள். அதனாலேயே இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா எழுந்து வர எனக்கு மனசு வருவதில்லை.

முதலில் அந்த 'எவன் வந்து' என்பதைப் பார்ப்போம். யாரும் உங்களைத் தேடி வருவதில்லை, பிரச்சினையே அதுதான். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசட்மேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, இணையத்தின் பொது ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் அது தட்டிப் பார்த்துவிடும். அது ஆராய்ச்சிக்காகச் செய்தது. அதே வேலையைத் திருடனும் செய்கிறான். ராத்திரி வீட்டிலிருந்து டேலி பார்க்க வசதியாக முதலாளி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருந்தால், அது பட்டரவாக்கத்தில் இருக்கிறதா பாரிஸில் இருக்கிறதா என்று தட்டுகிற மென்பொருளுக்குக் கவலையில்லை. தாழ்ப்பாள் இல்லாத கதவு என்று குறித்துக்கொள்ளும். 2017 மே 12ஆம் தேதி வானாக்ரை என்ற பைல் பூட்டும் வைரஸ் கிளம்பி சுமார் 150 நாடுகளில் பரவியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் மாதமே கொடுத்திருந்தது. போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. பைல்களை விடுவிக்க அது கேட்ட தொகை, ஒரு கம்ப்யூட்டருக்கு 300 டாலரில் தொடங்கியது. பெரிய கம்பெனிக்கு மட்டும் வலை விரிக்கிறவன் கேட்கிற தொகையா அது?

அடுத்தது 'என்ன இருக்கு'. அது திருடனுக்கு உபயோகப்பட வேண்டும் என்றே இல்லை. உங்களுக்கு வேண்டியதாக இருந்தால் போதும், பூட்டிவிட்டுப் பணம் கேட்பான். ஒரு காலையில் ஜாப் ஒர்க் கம்பெனி ஒன்றில் டேலி திறக்கவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் எல்லா பைல் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகளில் ஒரு வால் ஒட்டியிருந்தது. பேக்கப் இருக்கிறது என்று முதலாளி ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினார். அது இரண்டு வருடமாக அதே கம்ப்யூட்டரின் பின்னால் செருகியபடியே கிடந்தது. அதிலிருந்த பைல்களுக்கும் அதே வால். ஆறு வருட இன்வாய்ஸ், கஸ்டமர் ட்ராயிங், சிஎன்சி ப்ரோகிராம், பாக்கி லிஸ்ட் எல்லாம் போயிற்று. அன்று 8ஆம் தேதி, 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். 'நீங்கள் எங்களுக்கு எவ்வளவு தர வேண்டும்' என்று கஸ்டமர்களிடமே போன் போட்டுக் கேட்டு எழுதினோம். அந்த முதலாளியின் குரல் அன்றைக்கு இருந்த இருப்பை என்னால் மறக்க முடியாது.

சரி, உங்களிடம் உண்மையிலேயே ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வழியாக யாரிடம் போகலாம் என்று பாருங்கள். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் களவு போயின. உள்ளே போகத் திருடர்களுக்குக் கிடைத்த சாவி, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்த பென்சில்வேனியா கான்ட்ராக்டர் ஒருவரின் லாகின். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பாதிப் பேர் பெரிய வாகன கம்பெனிக்கோ பாதுகாப்புத் தொழிற்சாலைக்கோ பாகம் செய்து கொடுப்பவர்கள். அந்தப் பெரிய கம்பெனிகளின் சப்ளையர் போர்ட்டல் பாஸ்வேர்டு உங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச் சீட்டில் இருக்கிறது.

'ஆன்டிவைரஸ் போட்டிருக்கு, கம்ப்யூட்டர் பையன் பார்த்துப்பான்' என்பார்கள். ஆன்டிவைரஸ் வேண்டியதுதான். ஆனால் இந்தப் பக்கத்தில் பணம் போகிற வழி பெரும்பாலும் வைரஸே இல்லாத வழி. எனக்குத் தெரிந்த ஒரு ஷெட்டுக்கு, வழக்கமாகக் கம்பி வாங்கும் சப்ளையரிடமிருந்து மெயில் வந்தது. பழைய கடிதப் போக்குவரத்து முழுக்கக் கீழே இருக்கிறது, இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகையும் பைசா சுத்தமாகச் சரி. 'ஆடிட் நடப்பதால் இந்த முறை வேறு கணக்குக்கு அனுப்பவும்' என்று ஒரு வரி மட்டும் புதுசு. நாலு லட்சத்து எண்பதாயிரத்தை ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் கழித்து சப்ளையர் பணம் கேட்டுப் போன் செய்தபோதுதான் அந்த முகவரியை உற்றுப் பார்த்தோம். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றன. எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் எனக்கு இரண்டாம் பார்வையில்தான் பிடிபட்டது. சப்ளையருடைய மெயில் பெட்டிக்குள் யாரோ பல நாளாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை எந்த ஆன்டிவைரஸ் தடுக்கும்? அமெரிக்காவின் எஃப்பிஐக்கு 2023இல் மட்டும் இப்படிப்பட்ட மெயில் மோசடியில் 290 கோடி டாலர் போனதாகப் புகார்கள் வந்திருக்கின்றன.

இங்கேதான் நான் முதலாளிகளோடு சண்டை பிடிக்கிறேன். கஸ்டமர் ட்ராயிங்கில் ரிவிஷன் 'பி' என்பது 'சி' என்று மாறினால், யாரோ மெயிலில் சொன்னார் என்று மெட்டீரியலை மெஷினில் ஏற்றுவீர்களா? போன் போட்டுக் கேட்பீர்கள், கையெழுத்துப் போட்ட பேப்பர் வரும்வரை நிறுத்தி வைப்பீர்கள், முதல் பீஸை அளந்து பார்க்காமல் இரண்டாவதைப் போடமாட்டீர்கள். நூறு ரூபாய் பாகத்துக்கு இருக்கிற அந்த ஒழுங்கு, நாலு லட்ச ரூபாய்ப் பணத்துக்கு ஏன் இல்லை? கணக்கு எண் மாறியதாகச் சொன்னால், அந்த மெயிலில் இருக்கிற நம்பரை விட்டுவிட்டு, பழைய பில்லில் இருக்கிற நம்பருக்குப் போன் போடுங்கள். முதலில் நூறு ரூபாய் அனுப்பி, சேர்ந்ததா என்று அவர் வாயால் கேளுங்கள். அதுவும் ஒரு முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன்தான்.

'இதெல்லாம் லட்சக்கணக்கில் செலவு' என்பதும் எடுபடாது. மேலே சொன்னதற்குப் போன் காசுதான் செலவு. மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு இலவசம். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, பேக்கப் எடுத்ததும் கழற்றி பீரோவில் வைக்கச் சில ஆயிரம் ஆகும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடும் மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மெஷினோடு வந்த பழைய கம்ப்யூட்டரை மாற்ற முடியாது என்பது நியாயமான பேச்சு. மாற்ற வேண்டாம், நெட் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். ப்ரோகிராம் ஏற்ற நெட் எதற்கு?

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. பர்ச்சேஸ், டிஸ்பாட்ச், பேங்க், ஈபி ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அரசு வெளியிடும் பாதுகாப்பு வழிகாட்டிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், தனி ஐடி பிரிவு வைத்திருக்கும் கம்பெனிக்கு எழுதியதுபோல இருக்கின்றன. இந்தக் குறையைத் தொழில் சங்கங்களும் அரசும் தீர்த்தே ஆக வேண்டும்.

'போனால் பேங்க் கொடுத்துடும்' என்பது பாதி உண்மை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6ஆம் தேதி சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமில்லை. நாலு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சிறுதொழில் நடப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் நஷ்டம். ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். ஆர்டிஜிஎஸ் படிவத்தில் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தச் சுற்றறிக்கை கைகொடுக்காது. அங்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்தான் வழி. அந்த எண்ணுக்குச் சொன்னதும் தகவல் வங்கிக்குப் போய், எதிராளி கணக்கில் மிச்சமிருக்கும் பணத்தை நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். ஒன்பது நாள் கழித்துச் சொன்ன எங்களுக்கு அந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசிக் காரணம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 'வெளியே தெரிஞ்சா பேர் கெட்டுடும், ஆர்டர் போயிடும்.' 2022 பிப்ரவரி கடைசியில் ஜப்பானில் டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்யும் கோஜிமா கம்பெனி தாக்கப்பட்டது. நுழைந்த வழி, அதன் துணை நிறுவனம் வெளி கம்பெனி ஒன்றோடு தொடர்புக்கு வைத்திருந்த ரிமோட் கருவி. கோஜிமா மூடி மறைக்கவில்லை. மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா ஜப்பானில் 14 ஆலைகளில் 28 லைன்களை நிறுத்தியது. மறுநாள் லைன்கள் மறுபடி ஓடின.

மெயிலில் ஏமாந்த அந்த ஷெட்காரரும் முதலில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அவராகவே சொன்னார். பக்கத்து ஷெட்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு போனில் தன் மெயிலைத் திறந்தார். அதே சப்ளையர் பெயரில், 'ஆர்', 'என்' ஒட்டிய அதே முகவரியிலிருந்து ஒரு கடிதம் வந்து கிடந்தது. மறுநாள் காலையில் பேங்குக்குப் போவதற்காக அவர் செக்கில் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.