புகைப்படமா, கோடா? எதை முதலில் பழகுவது?



"அக்கா, போட்டோசொப் படிக்கவா, கோரல்ட்ரோ படிக்கவா? இரண்டுக்கும் காசு கட்ட என்னால் ஏலாது." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடிவமைப்பு வேலை தேடும் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் ஒருத்திக்கு வகுப்புக் கட்டணம் என்பது பிள்ளைகளின் கொப்பிக் காசு. ஆகவே இம்மாதம் இதையே பேசுவோம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

1990இல் வெளிவந்த போட்டோசொப், புகைப்படம் திருத்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. கணனிக்குள் புகைப்படம் என்பது சின்னச் சின்ன நிறப் புள்ளிகளின் கூட்டம். அப்புள்ளியைப் பிக்சல் என்பார்கள். 1987இல் வந்த இலஸ்ட்ரேட்டரும் 1989இல் வந்த கோரல்ட்ரோவும் வேறு வகை. அவை கோடுகளையும் வளைவுகளையும் கணக்காக வைத்திருப்பவை. இதை வெக்டர் என்பார்கள்.

தையல் தெரிந்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். சட்டை வெட்டும் அளவுத்தாளை எந்த அளவுக்கும் பெரிதாகக் கீறலாம், கோடு கெடாது. பூப்போட்ட துணியை இழுத்துப் பெரிதாக்கினால் பூ சிதைந்துவிடும். அளவுத்தாள் வெக்டர், பூத்துணி புகைப்படம்.

எந்த வேலைக்கு எது?

கலியாண அழைப்பிதழ், பில் புத்தகம், விசிட்டிங் கார்ட், கடைப் பெயர்ப்பலகை, பனர் எல்லாம் எழுத்தும் கோடும் மிகுந்தவை. இவற்றுக்கு வெக்டர் வேண்டும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கும் கோடுதான் வழிகாட்டி, புள்ளி அல்ல.

சாமத்தியச் சடங்கு அல்பம், பின்னணி மாற்றுதல், கீறல் விழுந்த பழைய படத்தைத் துப்புரவாக்குதல் ஆகியவற்றுக்குப் போட்டோசொப் போன்றது வேண்டும்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலருக்கு இரண்டும் தேவை. முகப்புப் படத்தைப் புகைப்பட மென்பொருளில் திருத்தி எடுத்து, எழுத்தையும் கரையையும் வெக்டரில் அமைக்க வேண்டும். முழு அழைப்பிதழையும் போட்டோசொப்பிலேயே செய்து, படமாகச் சேமித்து அச்சகத்துக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன எழுத்துகளின் விளிம்பு மங்குவது பெரும்பாலும் அதனால்தான்.

கையில் இருப்பது ஒரே ஒரு சின்னப் படம் என்றால்?

நம்மில் பலருக்கு இது வெறும் தொழிற் கேள்வி அல்ல. இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் போயின. கணவருடையதோ மகனுடையதோ ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டு வருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 413க்கு 531 புள்ளிகள் வரும். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 2480க்கு 3508 புள்ளிகள் தேவை. ஆகவே ஸ்கேன் செய்யும்போதே 1200 என வையுங்கள். ஏழு அங்குல உயரம்வரை அச்சிடப் போதிய புள்ளிகள் கிடைக்கும். ஆனால் படத்திலேயே இல்லாத விபரத்தை எந்த ஸ்கேனரும் தராது. சற்று மங்கலாக இருக்கும் என்பதை வந்தவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

"வெக்டராக மாற்றினால் எவ்வளவும் பெரிதாக்கலாமாமே?" என்று கேட்பார்கள். கடைச் சின்னத்துக்கு அது சரி. முகத்தை அப்படி மாற்றினால் நிறத் திட்டுகளாகிவிடும், ஆளை மதிக்க முடியாது.

இன்று செயற்கை நுண்ணறிவு மூலம் பழைய படத்தைப் பளிச்சென்று ஆக்கும் செயலிகள் கைபேசியிலேயே உண்டு. அவை தெரியாத இடத்தை ஊகித்து நிரப்புகின்றன. கண்ணும் பல்லும் வேறொருவருடையதாகிவிடலாம். காணாமற்போன ஒருவரின் படம் என்றால் அது அடையாளச் சான்று. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறெங்குமோ கொடுக்கும்போது, திருத்தாத ஸ்கேன் பிரதியையே கொடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டலாம், கீறலை நீக்கலாம், முகத்தை மாற்றக்கூடாது. மூலப்படத்தைத் தனிக்கோப்பாக இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

தமிழ் எழுத்தில் கவனம்

பாமினி எழுத்துருவில் தட்டச்சிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். யூனிகோட் தமிழிலும் போட்டோசொப்பின் சில பழைய பதிப்புகள் கொம்பையும் காலையும் இடம்மாற்றிக் காட்டும். ஆகவே அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளை வளைவுகளாக மாற்றுங்கள். கோரல்ட்ரோவில் கொன்ரோல் விசையுடன் கியூ விசையை அழுத்தினால் போதும். மாற்றிய பின் எழுத்துப்பிழை திருத்த முடியாது. அதனால் மாற்றாத பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

என் முடிவு

அச்சகத்தில் அல்லது வீட்டிலிருந்து அழைப்பிதழ், பனர் வேலை செய்ய விரும்புவோர் வெக்டரை முதலில் பழகுங்கள். அதன்பின் புகைப்பட மென்பொருளில் வெட்டுதல், வெளிச்சம் திருத்துதல், பின்னணி நீக்குதல், கீறல் நீக்குதல் என்ற நான்கையும் கற்றால் தொடங்கப் போதும். ஸ்டூடியோ வேலைக்குப் போகிறவர்கள் இதை மாற்றிச் செய்யுங்கள். பணம் கட்டுமுன் உங்கள் பகுதியில் மூன்று கடைகளுக்குப் போய், அவர்கள் எதில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

மென்பொருள் வாங்கக் காசில்லை என்று நின்றுவிட வேண்டாம். போட்டோசொப், இலஸ்ட்ரேட்டர் ஆகியவற்றின் புதிய பதிப்புகள் 2013 முதல் சந்தா முறையில்தான் கிடைக்கின்றன. 1996இல் வெளியான ஜிம்ப் புகைப்படத்துக்கும், 2003இல் தொடங்கிய இங்ஸ்கேப் வெக்டருக்கும் உதவும். இரண்டும் முற்றிலும் இலவசம், சட்டபூர்வமானவை. திருட்டுப் பிரதியில் தொழில் தொடங்குவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு முரண். இங்ஸ்கேப்பில் கைபழகியவருக்குக் கோரல்ட்ரோ அந்நியமாக இராது. வளைவைப் பிடித்து இழுக்கும் முறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு பயிற்சி தருகிறேன். உங்கள் வீட்டிலுள்ள பழைய கலியாணக் கார்ட் ஒன்றை எடுத்து, அதே அளவில், அதே கரையுடன் இங்ஸ்கேப்பில் அமைத்துப் பாருங்கள். ஒரு கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. அதை அச்சிட்டுக் கையில் கொண்டுபோனால், வேலை கேட்குமிடத்தில் சான்றிதழுக்கு முன் அது பேசும்.

பாமினிக் கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் முறையை அடுத்த மாதம் பார்ப்போம்.