லெதர் சீற்றும் போத்தல் பளபளப்பும்

வாகன விலை ஏறிய கதையை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் என்ன பயன்? வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. எம்மைப் போன்ற சிறு வியாபாரிகள் கைமாறி வந்த வாகனத்தையே நம்பியிருக்கிறோம். ஆகவே பழைய வாகனத்தைப் பேணிப் பாதுகாப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. பழையதைப் புதிதாகக் காட்டி விற்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. முதலாவது ஹலாலான உழைப்பு. இரண்டாவதைப் பற்றி, லெதர் சீற் என்ற ஒரு சின்ன விடயத்தை வைத்துக் கொஞ்சம் பேசலாம்.

செட்டிகுளத்தில் மதவாச்சி – மன்னார் வீதியோரம் நின்று பார்த்தால் கார், வேன், பட்டா லொறி என்று எல்லாம் ஓடுகின்றன. பிரதான வீதிக்குக் காபட் போட்டாயிற்று. ஆனால் வீதியை விட்டு உள்ளே இறங்கினால் அதே செம்மண் புழுதிதான். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை அந்தப் புழுதி கண்ணாடியை மூடினாலும் உள்ளே வரும். வெளியில் 33 பாகை வெயில் அடிக்கும்போது மூடி நிறுத்திய வாகனத்துக்குள் 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். ஒக்டோபரில் மழை பிடித்தால் நிலைமை தலைகீழ். ஈரக் காற்று, ஈரச் சாரம், குடைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பில் ஏசி போட்டு ஓடுகிறவருக்கு எழுதிய ஆலோசனை எமது பகுதிக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் உங்கள் சீற் தோல்தானா என்று பாருங்கள். "ஃபுல் லெதர்" என்று விற்கப்படும் வாகனங்களில் பலவற்றில் நீங்கள் உட்காரும் நடுப்பகுதியும் முதுகு சாயும் பகுதியும் மட்டுமே தோல். ஓரங்கள், பின்பக்கம், கதவுத் துண்டு எல்லாம் ரெக்சின். சிலவற்றில் தோலே கிடையாது. டொயோட்டா கம்பனி 'சொப்டெக்ஸ்' என்ற பெயரில் தருவதும், பென்ஸ் கம்பனி 'ஆர்டிகோ' என்ற பெயரில் தருவதும் செயற்கைப் பொருட்கள்தான். அதைக் கம்பனி மறைக்கவில்லை, இடையில் கைமாற்றுகிறவர்தான் மறைக்கிறார். எமது ஊர்களில் ஹயர் ஓடும் வேன்களுக்குக் குஷன் கடையில் தைத்துப் போட்டதோ, நான் பார்த்த வரையில், முழுக்க ரெக்சின். அதில் ஒரு குறையும் இல்லை. நன்றாக உழைக்கும் சாமான் அது. ஆனால் ரெக்சினுக்கு லெதர் கிரீம் வாங்கிப் பூசுவது காசைத் தண்ணீரில் போடுவது போன்றது.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சீற்றின் அடிப்பக்கம், தையல் மடிந்து போகும் இடத்தில் விரலை விட்டு ஓரத்தைப் பாருங்கள். தோலின் மறுபக்கம் நார் நாராக, பிசிறாக இருக்கும். ரெக்சினின் மறுபக்கம் நெய்த துணி தெரியும். விரலால் அழுத்தினால் தோலில் மெல்லிய சுருக்கங்கள் ஒழுங்கில்லாமல் விழும். மேலே தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம், அதை இரண்டிலும் அச்சாகக் குத்தலாம். நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அவருடைய வாகனமில்லை, அதனால் சொல்கிறார்.

தோல் எங்களுக்குப் புதிய விடயமல்ல. தமிழ்நாட்டில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிறவர்களில் பலர் முஸ்லிம்கள். எங்கள் வரண்ட பிரதேசத்திலும் மஞ்சள் பூப்பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையால்தான் அங்கே அந்நாளில் தோலைப் பதனிட்டார்கள். பிறகு குரோம் உப்பு வந்தது. இன்று வாகனத் தோலில் பெரும்பகுதி குரோமில் பதனிட்டதுதான். அதற்கு மேலே நிறப்பூச்சு, அதன் மேல் ஒளி ஊடுருவும் ஒரு பாதுகாப்புப் பூச்சு. நீங்கள் கையால் தடவுவது உண்மையில் அந்தப் பூச்சைத்தான்.

இதை விளங்கிக்கொண்டால் பாதிக் காசு மிச்சம். "தோலுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும்" என்று கண்டிஷனர் விற்கிறவர் சொல்வார். மேலே பூச்சு இருக்கும்போது அந்தக் கிரீமில் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே நிற்கிறது. அதனால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. மேற்பரப்பின் உராய்வு குறையும், காய்ந்த தன்மை குறையும், சிலவற்றில் வெயிலுக்குத் தடுப்பும் உண்டு. ஆனால் ஒரு சீற்றுக்குப் பெருவிரல் நகமளவு இரண்டு மூன்று தடவை எடுத்தால் போதும். கூடப் பூசினால் பிசுபிசுப்பு, அதன் மேல் புழுதி. இன்னொன்று, ஏற்கெனவே வெடித்த தோலை எந்தக் கிரீமும் ஒட்டாது. அதற்குத் தெரிந்தவர் கையால் நிரப்பி, நிறம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டை மாற்ற வேண்டும்.

சீற்றைக் கெடுப்பது பெரும்பாலும் புழுதிதான். மண் துகள் சிறு அரம் போன்றது. அதன் மேல் நாங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரம் பூச்சைத் தேய்க்கிறது. சாரதி சீற்றின் கதவுப்பக்க ஓரம் முதலில் வெடிப்பது ஏன் என்று இப்போது தெரியும். அடுத்தது வியர்வை உப்பும் எண்ணெயும். தலையணையில் கறுப்பாகத் தெரிவது தலைமயிர் எண்ணெய். அத்தரும் எண்ணெய்தான், வெள்ளிக்கிழமை பூசிய கையை அப்படியே வெளிர்நிறச் சீற்றில் வைத்தால் கறை நிற்கும். கொரோனா காலத்தில் கையில் ஊற்றிப் பழகிய சனிடைசரில் இருக்கும் அற்ககோல், கைபிடிக்கும் இடங்களின் பூச்சைக் கரைத்துவிடும். ஸ்டியரிங் தோல் உரிந்த பல வாகனங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

கழுவும் முறைக்கு வருவோம். முதலில் வெக்கியூம் பிடிக்க வேண்டும், தையல் இடுக்கு உட்பட. இதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் மண்ணை வைத்து உரஞ்சியது போலாகும். பிறகு தோலுக்கென்றே விற்கும் கிளீனர். கிடைக்காவிட்டால் காரம் குறைந்த திரவச் சவர்க்காரம் சில துளி, ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில். சலவைத் தூள், உடுப்புச் சவர்க்காரம் வேண்டாம். பதனிட்ட தோல் இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது, சலவைத் தூள் கடும் காரம். எதைப் பாவிப்பதானாலும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள், துணியில் நிறம் வந்தால் நிறுத்திவிட வேண்டும். திரவத்தைச் சீற்றில் ஊற்றாமல் மென்மையான பிரஷில் எடுத்து, நுரையால் சிறிது சிறிதாகத் தேய்த்து, பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். துளை துளையாக இருக்கும் சீற்றில் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். முன்பக்கப் பயணிச் சீற்றின் அடியில் ஆள் இருப்பதை அறியும் சென்சர் இருக்கும் வாகனங்களில் அதையும் சேர்த்தே கெடுத்துக்கொள்வீர்கள். பிறகு கதவைத் திறந்து நிழலில் காயவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பின்புதான் கண்டிஷனர். அதைப் பூசிச் சில நிமிடம் விட்டு, மிஞ்சியதைத் துடைத்தெடுக்க வேண்டும். எமது வெயிலுக்கு வருடத்துக்கு மூன்று நான்கு முறை போதும். வெக்கியூம் மட்டும் வாராவாரம். ரெக்சினுக்குப் பிழிந்த சவர்க்காரத் துணியே போதும்.

மண்ணெண்ணெய், தின்னர் இரண்டும் சீற் பக்கமே வரக்கூடாது. தோலின் பூச்சையும் கரைக்கும். ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் பொருளையும் இழுத்தெடுக்கும், அதன் பிறகு ரெக்சின் விறைத்து வெடிக்கும். தேங்காயெண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. அன்று மினுங்கும், இரண்டு கிழமையில் சிக்கு நாற்றம்.

புதிதாக வாங்கிய வாகனத்தின் சீற்றில் கம்பனி போட்ட பொலித்தீனை வருடக்கணக்கில் கழற்றாமல் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மழைகாலத்தில் அந்தப் பொலித்தீனுக்குள் ஈரம் அடைபட்டு, பாதுகாக்க நினைத்த தோலிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது. மேலே கவர் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீற்றின் பக்கவாட்டில் எயார்பேக் என்று எழுதியிருந்தால் சாதாரணக் கவர் அதை மறிக்கும். உயிர் விடயம் அது.

இனி நான் சொல்ல வந்த விடயம். என் சாச்சாவின் மகன் ஒரு நகரத்தில் ஒரு விற்பனை இடத்தில் கறுப்புச் சீற் போட்ட கார் ஒன்று எடுத்தார். உள்ளே அப்படி ஒரு மினுக்கம். முதல் ஜும்ஆவுக்கு வெள்ளை ஜுப்பாவோடு ஏறிப் போனவர், பள்ளி வாசலில் இறங்கும்போது முதுகு முழுக்கக் கறுப்பு. துடைத்துப் பார்த்தால் சப்பாத்துப் பொலிஷ்! அதற்குக் கீழே சாரதி சீற்றில் வெடிப்புகள் வரிசையாக இருந்தன. கேட்டதற்கு, "பழைய வாகனம்தானே நானா, உள்ளதைப் பார்த்துத்தானே எடுத்தீங்க" என்று பதில். உள்ளதைப் பார்க்க விட்டார்களா என்பதுதானே கேள்வி?

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம். குத்பாவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அந்தக் குவியலில் ஈரம் மழையால் வந்தது. வியாபாரி எதையும் பூசவில்லை. மேலே காட்டாமல் விட்டதுதான் பிழை. இங்கே நாங்கள் போத்தல் வாங்கி, பிரஷ் எடுத்து, இரவிரவாக உட்கார்ந்து பூசி மறைக்கிறோம். விற்பவரும் வாங்குபவரும் குறையை மறைக்காமல் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பதும் ஆதாரபூர்வமான ஹதீஸ்தான். மார்க்கத்தை விடுங்கள், நாட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வியாபாரி ஒரு பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது குற்றம். ரெக்சினை லெதர் என்று சொல்வது "வியாபாரப் பேச்சு" என்ற கணக்கில் வராது.

சீற்றைச் சுத்தமாக்கி விற்பதை நான் பிழை என்று சொல்லவில்லை. சுத்தமாக்கினால் குறை நன்றாகத் தெரியும். பொலிஷ் பூசினால் குறை தெரியாமல் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான், வியாபாரிக்கு இது விளங்காது என்று யாரும் சொல்ல முடியாது.

தோல் சம்பந்தமாக வேறொரு கேள்வியையும் அடிக்கடி கேட்கிறார்கள்: இந்தத் தோல் எந்த மிருகத்தினுடையதோ, அதன் மேல் உட்காரலாமா? பதனிட்டால் செத்த பிராணியின் தோலும் சுத்தமாகிவிடும், நாய், பன்றி இரண்டும் அதில் சேராது என்பது எமது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. வாகனச் சீற்றுக்குப் பொதுவாக வருவது மாட்டுத் தோல். பன்றித் தோல் கூடுதலாகச் சப்பாத்து உள்பக்கம், கையுறை போன்றவற்றில் வருகிறது. அந்தத் தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடி நிற்கும். மேலதிக சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் வாகனம் சுத்தம் செய்யும் வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் எமது பகுதியில் இருக்கிறார்கள். ஊருக்கு வந்து வேறு வேலை தேடி அலைகிறார்கள். சேர்விஸ் ஸ்டேஷன்களில் வெளியே தண்ணீர் அடிப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது, சீற்றைப் பொறுமையாகச் செய்து கொடுக்க ஆளில்லை. இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. நல்ல வெக்கியூம் ஒன்று, பிரஷ், மைக்ரோபைபர் துணி, லேபல் உள்ள கிளீனர் போதும். லேபல் என்று அழுத்திச் சொல்கிறேன். பெரிய கேனிலிருந்து பெயரில்லாத போத்தல்களுக்கு ஊற்றி விற்கும் சிலிக்கன் பளபளப்பு சீற்றை வழுக்க வைக்கும், புழுதியைப் பிடிக்கும், வேறொன்றும் செய்யாது. ஒரு காருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் செல்லும். அந்த நேரத்துக்குத்தான் கூலி கேட்க வேண்டும், போத்தலுக்கு அல்ல. வாடிக்கையாளர் வந்ததும் கையில் துணி எடுப்பதற்கு முன் வெடிப்பு எங்கே, கறை எங்கே, எது போகும், எது போகாது என்று காட்டிவிடுங்கள். போகாது என்று சொல்லிவிட்ட கறைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்.

வாகனம் கைமாற்றும் சகோதரர்களிடம் நான் கேட்பது இன்னும் சின்னது. என்ஜின் இலக்கம், செசி இலக்கம் எழுதும் அதே கடதாசியில் ஒரு வரி கூட்டி எழுதுங்கள்: சீற் நடுப்பகுதி தோல், ஓரம் ரெக்சின், சாரதி பக்கம் வெடிப்பு உண்டு.