புரதமும் நம்ம பேட்டை விஷயம்தான்

வடசென்னையின் எண்ணூர் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்து வலையிலும் படகிலும் அப்பிய எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலோரக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா. இத்தனையையும் மூச்சில் வாங்கியவர்களிடம் போய் மூளை நோய்க்கான புரத ஆராய்ச்சி என்று பேச்செடுத்தால் எரிச்சல் வருவது நியாயம்தான். "அது வெளிநாட்டுக்காரன் வேலை. பணக்காரன் வியாதிக்குப் பணக்காரன் மருந்து. எங்களுக்கு மொதல்ல நல்ல காத்தைக் கொடு" என்பார்கள். மேடையிலும் இதையே கேட்கிறேன், டீக்கடையிலும் இதையே கேட்கிறேன். நல்ல காற்று கேட்பதில் எனக்குச் சண்டையில்லை. மற்ற இரண்டும் தவறு. காற்றையும் புரதத்தையும் எதிரெதிரே நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு.

வெளிநாட்டுக்காரன் வேலையா? திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறினால் கிண்டி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டுதான் 1954இல் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதம் மூன்று புரிகளாக முறுக்கிக் கிடப்பதைச் சொன்னார்கள். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் வெளியிட்ட கணக்கு இன்னும் பெரிது. ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எங்கே மடங்கவே முடியாது என்பதற்கான படம் அது. இன்று எந்த நாட்டுக்காரர் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும் 'ராமச்சந்திரன் வரைபட'த்தில் வைத்துச் சரிபார்க்கிறார். அல்சைமர், பார்க்கின்சன் இரண்டுமே புரதம் தவறாக மடங்கித் திரளும் நோய்கள் என்பதால், அந்த ஆய்வுக்கூடங்களிலும் நம்மூர் அளவுகோல்தான். கடைசிக் காலத்தில் ராமச்சந்திரனுக்கே பார்க்கின்சன் நோய் வந்தது. 2001இல் சென்னையில் காலமானார்.

பணக்காரன் வியாதியா? ஸ்டான்லியை இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற வயதுக்காரர்கள் யாரையாவது கேளுங்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் அவர்களுக்கு மறந்திருக்காது. வெறிநாய்க்கடியும் மூளை நோய்தான். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவரையா தெருநாய் கடிக்கிறது? அந்தப் பழைய தடுப்பூசி ஆட்டு மூளையில் தயாரானது. ஆட்டு நரம்புறையின் புரதமும் அதோடு உடம்புக்குள் போகும். அதை எதிர்க்கக் கிளம்பிய நம் எதிர்ப்பு சக்தி, சிலருக்குச் சொந்த நரம்புறையையே தாக்கிக் கைகால்களை முடக்கிப் போட்டது. குற்றவாளி எந்தப் புரதம் என்று கண்டுபிடித்தவர்கள் இந்த 'பணக்கார' ஆராய்ச்சிக்காரர்கள்தான். இந்தியாவில் ஆட்டு மூளைத் தடுப்பூசி தயாரிப்பு 2004 இறுதியோடு நின்றது. இப்போது செல்களில் வளர்த்த தடுப்பூசி, கையில் போட்டால் போதும். ஆழமாகக் கடித்த காயத்துக்குள் செலுத்தும் ஒற்றை வகை எதிர்ப்புப் புரதம் ஒன்றும் புனேயிலிருந்து வந்துவிட்டது.

அல்சைமருக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற லெகனமாப் மருந்தும் இதே குடும்பத்து எதிர்ப்புப் புரதம்தான். அதன் விலையைச் சொல்லிச் சிரிப்பவர்களை நான் தடுக்கமாட்டேன். அங்கே ஆண்டுக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தார்கள். 18 மாதத்தில் நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைக்கிறது, குணமாக்குவதில்லை. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை ரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்ற வேண்டும். மூளையில் வீக்கமோ கசிவோ உண்டா என்று பார்க்க அடிக்கடி ஸ்கேன். ராயபுரத்தில் ஒரு குடும்பத்துக்கு இது ஆகுமா? ஆகாது. ஒத்துக்கொள்கிறேன்.

காற்றா, புரதமா என்ற கேள்விக்கு வருவோம். ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி உருக்கும் இடம், உதிரும் பெயிண்ட், தொழிற்சாலைத் தூசி என்று அது பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் வர வழிகள் பல. உள்ளே போன பிறகு அது செய்கிற வேலை பெரும்பாலும் புரதங்களோடுதான். ரத்தச் சிவப்பைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியில் துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நொதி வேலையை நிறுத்திவிடுகிறது. மூளையில் கால்சியத்துக்கான புரதங்களிடம் தானே கால்சியம் போல நடித்து, நரம்புக்கு நரம்பு போக வேண்டிய தகவலைக் கெடுக்கிறது. கற்பதும் நினைவில் வைப்பதும் அந்தத் தகவலை நம்பித்தான் இருக்கின்றன.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் குறித்துக்கொடுத்த கவனக்குறைவும் பதற்றமும் கூடின. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மருந்து கொடுத்து ஈயத்தை வெளியே எடுத்துவிடலாமே என்று கேட்கலாம். அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் அதையும் செய்து பார்த்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் ஏறவில்லை. கெட்டது கெட்டதுதான். ஆகவே ஈயத்தை உடம்புக்குள் விடாமல் தடுப்பதே வழி என்று ஆய்வுக்கூடமே சொல்கிறது. "காத்தைக் கொடு" என்று கேட்கிறவருக்கு இதைவிட வலுவான சாட்சி எங்கே கிடைக்கும்? புகையைப் பற்றிய புகாரை 'பழகிப்போகும்' என்று தட்டிக்கழிக்கலாம். பிள்ளையின் ரத்தத்தில் வந்த எண்ணை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

ரத்த ஈயத்தை முதலில் பார்க்க விரல் நுனியில் ஒரு குத்து போதும். எண் கூடுதலாக இருந்தால் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்யலாம். எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பள்ளிகளின் மருத்துவ முகாமில் பல்லும் கண்ணும் பார்க்கும் நாளிலேயே இதையும் பார்க்கச் சொல்லி மனு கொடுங்கள். வந்த எண்ணைப் பெற்றோர் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே சேருங்கள்.