நச்சாடையும் சிலம்பும்

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்கு மலைத்தொடரின் அடியில் அமைந்த தேவதானம் எம் ஊர். அவ்வூர்ப் பெருங்கோயில் இறைவனுக்கு நச்சாடை தவிர்த்தவர் என்பது பெயர். பகை மன்னன் நஞ்சூட்டி விடுத்த ஆடையினின்று பாண்டியனை இறைவன் காத்தனன் என்பது தலவரலாறு. எம் சமயம் வேறாயினும் இக்கதையைக் கேட்டே யாம் வளர்ந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் புகுந்தபின் மற்றொரு பாண்டியன் கதையைப் பயின்றோம். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்தவன் அவன். சிலம்பை உடைத்து உள்ளிருந்த பரல் முத்தோ மாணிக்கமோ என்று காணும் சோதனை, உயிர் போனபின்னரே நிகழ்ந்தது.

இவ்விரு கதைகளையும் ஒருங்கே நினைக்கச் செய்தது, மக்கள் நடத்தையை ஆராயும் மாணாக்கர் பலர் கண்டு அஞ்சுகின்ற புள்ளியியற் பாடமாகும். கருதுகோட் சோதனை என்பது அதன் பெயர். சூத்திரங்களை மனப்பாடஞ் செய்து தேர்விற்குப் பின் மறந்துவிடத்தக்க கணக்கென்றே அதனைப் பலரும் எண்ணுகின்றனர். அது முதற்கண் நீதிமுறை. அதன்பின்னரே கணக்கு என்பது எம் கருத்து.

வழக்கு மன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவன் குற்றமற்றவனே. அவ்வாறே, ‘வேறுபாடு இல்லை’ என்னும் இன்மைக் கருதுகோளை முதலில் நிறுத்தி, சான்று அதனைத் தள்ளுமளவு வலியதோ என்று வினவுவதே இம்முறை. மெய்யான இன்மைக் கருதுகோளைத் தள்ளுதல் முதல்வகைப் பிழை. பொய்யானதைத் தள்ளாது விடுதல் இரண்டாம்வகைப் பிழை. நெய்மன், ஈகன் பியர்சன் என்னும் இருவர் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினர். கோவலனைக் கொன்றது முன்னது. நச்சாடையைத் தூயதென்று உடுத்திருந்தால் அது பின்னது.

இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றிலேம். சென்ற ஆண்டு விடுதி நண்பர் ஒருவர், ‘நாட்டுப்புறத்து மாணாக்கர்க்குப் பட்டணத்து மாணாக்கரினும் நினைவாற்றல் குறைவு’ என்று சாதித்தார். ஒரு பட்டியற் சொற்களைப் படிக்கச் செய்து, நாட்டுப்புறத்தார் ஒருவர், பட்டணத்தார் ஒருவர் எனப் பத்து இணைகளை அவர் ஒப்பிட்டிருந்தார். எட்டு இணைகளில் பட்டணத்தாரே மிகுதியாக நினைவுகூர்ந்தனர். அந்தப் பத்து நாட்டுப்புறத்தாருள் யாமும் ஒருவர். கேட்டிருந்தோர் சிரித்தனர், எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

பின்னர்த் தனித்திருந்து கணக்கிட்டோம். இரு சாரார்க்கும் வேறுபாடே இல்லையெனின், ஒவ்வோர் இணையின் முடிவும் காசு சுண்டியது போல்வதாகும். பத்து முறை சுண்டினால் நிகழக்கூடிய வகைகள் 1,024. அவற்றுள் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட தலைகள் வருவன 45, 10, 1 ஆக 56. எனவே ஏறக்குறையப் பதினெட்டில் ஒருமுறை, வெறுந் தற்செயலே இவ்வாறு நம்மை ஏமாற்றும். எப்பக்கம் சாயும் என்று நண்பர் முன்னரே கூறாதிருந்தாராயின் இருபக்கமும் எண்ணவேண்டும். அப்போது ஒன்பதில் ஒன்றாகிவிடும். ரொனால்டு பிஷர் 1925-ல் வெளியிட்ட நூலால் வழக்காகிய இருபதில் ஒன்று என்னும் எல்லையை இது எட்டவில்லை.

ஆயினும், ‘இருவரும் நிகரே என்று மெய்ப்பித்துவிட்டோம்’ என யாம் செருக்குறுதலும் பிழையே. பத்து இணைகள் மிகச் சில. உள்ள வேறுபாடும் அவற்றிற் புலப்படாது போகலாம். தள்ளவில்லை என்பது வேறு, மெய்யென நிறுவினோம் என்பது வேறு. ஒன்பது இணைகள் அவ்வாறு அமைந்திருப்பினும், காரணம் பிறந்த ஊரோ, பயின்ற பள்ளியோ, அன்றிரவின் உறக்கமோ என்பதை அவ்வெண் கூறாது.

‘இருபதில் ஒன்று என்பது தெய்வக் கட்டளையோ?’ எனச் சிலர் வினவுவர். அன்று, அது வசதி பற்றிய வழக்கே. பிழையால் விளையும் தீங்கை நோக்கி எல்லையை வகுத்தல் வேண்டும். ஒரு கூட்டத்தார்மேற் குறை சாற்றுங்கால் வலிய சான்று வேண்டுக. நஞ்சோ என்று ஐயுறுங்கால் சிறு சான்றுக்கும் அஞ்சுக. ஆனால் எவ்வழியாயினும் எல்லையை முன்னரே வகுக்க. விடையைக் கண்டபின் விதி செய்பவனும், இருபது வினாக்களை எழுப்பித் தற்செயலாய் வாய்த்த ஒன்றை மட்டும் காட்டுபவனும் பொற்கொல்லனுக்கு இளைத்தவரல்லர்.

இம்முறையைச் செவ்வனே கையாண்டால் விளையும் நன்மைக்குச் சென்னையே சான்று. காசநோயாளரை மருத்துவமனையில் வைத்தே காக்கவேண்டும் என்பது முன்னாளைய நம்பிக்கை. 1956-ல் அங்கே தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வுநிலையத்தார் 193 நோயாளரை வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாகத் தற்செயல் முறையிற் பிரித்து, இருசாரார்க்கும் ஒரே மருந்தை ஓராண்டு அளித்தனர். வீட்டிலிருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் குறைவு. எனினும் அவர் பெற்ற பயன் மற்றவர் பயனை ஏறக்குறைய ஒத்தது. 1959-ல் இம்முடிவு வெளிவந்தது. ‘வேறுபாடு பெரிதில்லை’ என்ற அளவில் அமையாது, உடனுறைந்த சுற்றத்தாரையும் நோக்கி, நோயாளரை ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். ஏழையின் குடிசையிலும் காசநோயைத் தீர்க்கலாம் என்று உலகம் துணிந்தது இதன் பின்னரே.

ஆதலின் நண்பர்காள்! வினாத்தாளை ஏந்தி மக்களிடம் செல்லுமுன் இன்மைக் கருதுகோளையும், தள்ளும் எல்லையையும், ஆள்தொகையையும் எழுதி வைத்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் எண்ணும் ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஓர் ஆள் நிற்கின்றார். உங்கள் தீர்ப்பு அவர்மேல் ஒட்டிக்கொள்ளும். சிலம்பை முதலில் உடைத்துப் பாருங்கள். தீர்ப்பைப் பின்னர் எழுதுங்கள்.