குடிநீரோடு கழிப்பறையும் வேண்டும்

நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வரும் ஓய்வூதியதாரர்களால் விக்ரோலியின் வங்கிக் கிளைகள் நிரம்பியிருக்கும். கண்ணம்வார் நகரிலிருந்தும் பார்க்சைட்டிலிருந்தும் வருவோரில் பெண்கள் பலர், நாம் தண்ணீர் நீட்டினாலும் வேண்டாம் என்றே மறுக்கின்றனர். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை, நாம் அறியாததுமன்று. குடித்துவிட்டு எங்கே போவது?

நீர் குறையும்போது இரத்தத்தின் கன அளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தம் குறைவதால், இதயம் விரைந்து துடித்து அதனை ஈடுகட்ட முயல்கிறது. வரிசையில் நெடுநேரம் நிற்பவருக்குத் தலைசுற்றுவதில் இதற்கும் பங்குண்டு. இருக்கும் நீரைக் காக்க, மூளை வாசோப்ரெசின் என்னும் ஹார்மோனை வெளியிடுகிறது. இச்சிக்கனக்காரர் சிறுநீரகத்தோடு நின்றுவிடுவதில்லை. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோலையும் தூண்டிவிடுகிறார்.

இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைச் சோதித்தது. நாளொன்றுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகப் பருகுவோரையும் போதிய அளவு பருகுவோரையும், பிறர் முன்னிலையில் பேசவும் மனக்கணக்குப் போடவும் செய்தனர். இதயத்துடிப்பு இரு பிரிவினருக்கும் ஒன்றுபோலவே உயர்ந்தது. ஆனால் கார்டிசோல் குறைவாகப் பருகுவோரிடமே மிகுதியாக ஏறியது. அவர்கள் கூடுதல் தாகத்தை உணரவுமில்லை என்பதுதான் நமக்கு வியப்பளித்தது. சிறிய ஆய்வுதான், இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. எனினும், கார்டிசோல் நெடுங்காலம் மிகுந்திருப்பது இதயத்திற்கு நல்லதன்று. (இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் விதித்த அளவையே பின்பற்ற வேண்டும்.)

மிகுதியாகத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. மும்பையின் புறநகர் ரயில்களில் கழிப்பறை இல்லை. ஆண்கள் கட்டணமின்றிச் சிறுநீர் கழிக்கும் இடங்களில் பெண்களிடம் பணம் கேட்கப்பட்டதை எதிர்த்து, 2011இல் இந்நகரின் பெண்கள் அமைப்புகள் 'ரைட் டு பீ' என்ற இயக்கத்தைத் தொடங்கின. அதன் நியாயம் வங்கிகளுக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. பல கிளைகளில் கழிப்பறை, பணப்பிரிவுக்குப் பின்னால் ஊழியர் பகுதியில் இருக்கிறது. பாதுகாப்பு விதி என்று அதனை மறுப்பது வழக்கம். காத்திருக்கும் முதியவர்களையும் பெண்களையும் காவலர் ஒருவர் துணைக்கு வர அனுமதிப்பதில் பெட்டகத்திற்கு என்ன கேடு? வாடிக்கையாளர்களும் தயங்காமல் கிளை மேலாளரிடம் கேட்கலாம்.