வலியைச் சுமப்பது மட்டும் பொறுமையன்று

நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தோளிலும் பிடரியிலும் சுமந்து, மேட்டுப்பாளையம் மண்டிகளில் உழைத்தோர் நம் குடும்பங்களிலும் உண்டு. முழங்கால் மூட்டும் கழுத்தெலும்பும் தேய்ந்த பின்னரும், அறுவை சிகிச்சை செய்தால் ஸஜ்தா செய்ய இயலாதே என அஞ்சி, சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, அதையே பொறுமையென எண்ணுவோரைக் காண்கிறோம்.

இந்த அச்சம் வேண்டியதில்லை. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. குனிய இயலாதவர் ருகூவையும் ஸஜ்தாவையும் சைகையால் நிறைவேற்றலாம். இது மார்க்கம் தந்த சலுகை, குறையன்று.

எல்லாக் கழுத்து வலிக்கும் அறுவை தேவையில்லை. பெரும்பாலானவை பயிற்சியாலும் மருந்தாலும் தணியும். ஆனால் கைப்பிடி தளர்ந்தாலோ நடை தடுமாறினாலோ தாமதிக்கலாகாது. மூட்டு மாற்றிய பின் வலிக்கு அஞ்சிப் படுத்தே கிடந்தால் கால் மடங்காமல் இறுகிவிடும். மருத்துவர் சொன்ன பயிற்சியை நாள்தோறும் விடாது செய்வதும் ஸப்ரே.

நாற்காலியில் தொழும் பெரியவரை ஏளனமாக நோக்காமல், ஸஃப்பில் அவருக்கு நாமே இடமமைப்போம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நோயுற்ற அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவை அருள்வானாக!