தொழிற்கல்வி தோற்றவர்களின் புகலிடமல்ல

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தை நிலைகுலையச் செய்தன. உயிர்களோடு வீடுகளும் பாதைகளும் கடைகளும் அழிந்தன. இழந்ததை மீளக் கட்டியெழுப்பப் பணம் தேவை என்பது உண்மையே. ஆனால் பணம் கிடைத்தாலும் கை வேண்டும். சரிவான நிலத்தில் தாங்குசுவர் கட்டத் தெரிந்த மேசன், பாதுகாப்பாக மின்னிணைப்புச் செய்யத் தெரிந்தவர், கூரை போடத் தெரிந்த தச்சர் ஆகியோரின் தேவை அழிவு ஒன்று நேரும்போதுதான் சமூகத்துக்குப் புரிகிறது.

இதே மாவட்டத்தில்தான் ஒவ்வோர் ஆண்டும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடிக்கும் கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் கொழும்புக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வேலைக்குப் போகின்றனர். அக்குறணை, கம்பளை, மடவளை போன்ற ஊர்களின் முஸ்லிம் பிள்ளைகள் பலர் உறவினரின் கடையில் நிற்கப் போகின்றனர். ஒருபுறம் தொழில் தெரிந்த கைகளுக்குத் தட்டுப்பாடு, மறுபுறம் தொழில் எதுவும் கற்காமலே வேலைக்குச் செல்லும் பதினாறு வயதுப் பிள்ளைகள். இம்முரண்பாட்டைக் களைய வேண்டிய ஏற்பாடு நமது பாடசாலைகளுக்குள் ஏற்கெனவே இருக்கின்றது என்பதே இங்கு கவனிக்கத்தக்கதாகும்.

2017ஆம் ஆண்டு அரசாங்கம் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தை ஆரம்பித்தது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாலும் அடையாவிட்டாலும் மாணவர் ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலைக் கல்வி பெறலாம் என்பதே அதன் சாரம். உயர்தரத்தில் தொழிற்பாடத் துறை ஒன்று இதற்கெனத் திறக்கப்பட்டது. முதலில் தாய்மொழி, ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம், குடியுரிமை, சுகாதாரம், தொழில் முயற்சியாண்மை முதலிய பொதுப் பாடங்கள். அதன்பின் கட்டட நிர்மாணம், மோட்டார் வாகனம், மின்னியல், உணவுப் பதனிடல், பெருந்தோட்ட உற்பத்தி, சிறுவர் பராமரிப்பு, சுற்றுலாத்துறை என்று விரியும் 26 தொழிற்பாடங்களில் தெரிவு செய்தவை. இறுதியில் தொழிற்பயிற்சி பெற்று, தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டச் சான்றிதழை அடைவது இலக்கு.

இத்திட்டம் காகிதத்தில் குறைசொல்ல முடியாத ஒன்று. எனினும் கண்டிப் பிரதேசத்தின் கல்வி வரலாற்றை அறிந்தவர்கள் இதனை எச்சரிக்கையுடனேயே நோக்குவர். ஏனெனில் செயல்முறைக் கல்விக்கான முயற்சிகள் இங்கு புதியவை அல்ல. அவை தோல்வியுற்றதும் இங்கேதான்.

1930களில் உடுநுவரையின் ஹந்தெஸ்ஸையை மையமாகக் கொண்டு கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பயிர்ச்செய்கை, கைப்பணி, சுகாதாரம் ஆகியவற்றை ஊர்ச் சூழலோடு இணைத்துக் கற்பிப்பதே அதன் நோக்கமாகும். அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் ஆதரவும் அதற்கு இருந்தது. ஆயினும் பெற்றோர் அதனை நம்பவில்லை. நகரத்து ஆங்கிலப் பாடசாலைப் பிள்ளை உத்தியோகத்துக்குப் போக, தமது பிள்ளையை மண்வெட்டி பிடிக்கச் சொல்வது எவ்வகை நியாயம் என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்விக்கு அரசிடம் பதில் இருக்கவில்லை. நல்ல நோக்கம் கொண்ட அத்திட்டம் நிலைக்காமல் மறைந்தது.

இரண்டாவது முயற்சி 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தமாகும். கம்பளை ஸாஹிராக் கல்லூரியை வளர்த்தெடுத்த கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத் அப்போது கல்வி அமைச்சராக இருந்தார். 1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த கிராமத்து இளைஞரின் விரக்தியை நாட்டுக்கு உணர்த்தியிருந்த காலம் அது. தொழில் முன்னிலைப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கப்பட்டன. அந்தந்தப் பிரதேசத்தின் தொழில்களே பாடமாக வேண்டும் என்பது அதன் சிறப்பு. ஆனால் போதிய ஆசிரியர்களோ கருவிகளோ வேலைக்கூடங்களோ இருக்கவில்லை. பெற்றோரின் மனமும் மாறவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அப்பாடங்கள் கைவிடப்பட்டன.

இவ்விரு அனுபவங்களும் ஒரே பாடத்தையே புகட்டுகின்றன. செயல்முறைக் கல்வி பின்தங்கியவர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்காகத் தோன்றும்வரை எந்தப் பெற்றோரும் அதனை மனமுவந்து ஏற்கப் போவதில்லை. மேலே செல்லும் கதவொன்று அதில் இருக்க வேண்டும். அக்கதவு கண்ணுக்குத் தெரியவும் வேண்டும்.

இன்று அக்கதவு இருக்கின்றது என்பதே அன்றைக்கும் இன்றைக்குமுள்ள முக்கிய வேறுபாடாகும். தேசிய தொழில் தகைமைக் கட்டமைப்பு ஏழு மட்டங்களைக் கொண்டது. 4ஆம் மட்டச் சான்றிதழ் பெற்ற இளைஞர் தொழில்நுட்பக் கல்லூரியில் 5ஆம், 6ஆம் மட்ட டிப்ளோமாக்களைப் பயிலலாம். 7ஆம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட இரத்மலானைத் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இவ்வழியே வருவோருக்கென்றே உள்ளது. அண்மைய ஆண்டுகளில் அரச பல்கலைக்கழகங்களில் சேர்க்கப்படுவோர் ஆண்டுக்கு 40 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. உயர்தரப் பரீட்சை எழுதும் இலட்சக்கணக்கானோருள் எஞ்சியோருக்கும் இப்பாதை உரியது என்பதை எத்தனை பாடசாலைகள் மாணவருக்கு எடுத்துரைக்கின்றன?

சான்றிதழின் பெறுமதி நாட்டுக்குள் மட்டும் நின்றுவிடுவதில்லை. பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். மத்திய கிழக்கு நாடுகளும் தொழில்திறனைப் பரிசோதித்து ஆட்களை எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஒரே தொழிலைச் செய்யும் இருவரில் சான்றிதழ் உள்ளவர் ஒரு சம்பளத்தையும் இல்லாதவர் வேறொரு சம்பளத்தையும் பெறும் காலம் இது.

கராஜிலோ கட்டட வேலையிலோ ஒரு பாஸிடம் நின்று பழகினால் போதாதா என்று சிலர் வினவக்கூடும். அப்பழக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எம்பெக்கேயின் மரச் செதுக்கலும் நத்தரம்பொத்தையின் பித்தளை வேலையும் அவ்வாறு கைமாறி வந்த கலைகளே. ஆயினும் அங்கு கையே பழகுகின்றது. வரைபடத்தை வாசிக்கவும், வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பீடு எழுதவும், புவித்தொடுப்புக் கம்பியை ஏன் தவிர்க்கக் கூடாது என்று விளங்கவும், வாடிக்கையாளரிடம் நாணயமாகப் பேசிக் கணக்கு ஒப்புவிக்கவும் எவரும் உட்காரவைத்துக் கற்பிப்பதில்லை. கூலியாளாகவே முதுமையடைபவருக்கும் சொந்தமாகத் தொழில் நடத்துபவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில்தான் தங்கியுள்ளது. தொழிற்பாடத் துறையின் பொதுப் பாடங்களை வெறும் நேர விரயமாகக் கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். மும்மொழியும் புழங்கும் கண்டி நகரில் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் பேசத் தெரிவதும் ஒரு தொழிற்கருவியே.

இனி, தமிழ்மொழி மூல மாணவரின் நிலையைப் பார்ப்போம். தொழிற்பயிற்சி நிலையம் அருகில் இருந்தாலும் அங்கு தமிழில் கற்பிக்கும் போதனாசிரியர் இல்லையேல் தோட்டத்துப் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. வேலைக்கூடமும் கருவிகளும் இல்லாத பாடசாலையில் மோட்டார் வாகனப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்துவது நீச்சலைக் காகிதத்தில் கற்பிப்பதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு கல்வி வலயத்திலும் எந்தத் தமிழ்மொழி மூலப் பாடசாலையில் எந்தத் தொழிற்பாடம் உள்ளது, ஆசிரியர் உண்டா, கருவிகள் உண்டா, பயிற்சிக்கு மாணவர் எங்கு அனுப்பப்படுவர் என்ற விபரங்களை மாகாணக் கல்வித் திணைக்களம் பகிரங்கமாக வெளியிட வேண்டும். கண்டித் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தின் நிறுவனங்கள் ஆகியவற்றுடன் பாடசாலைகளை இணைப்பதும் அவசியமாகும்.

காலமும் ஒரு காரணி. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் காத்திருக்க நேர்கின்றது. கடைக்கும் கொழும்புக்கும் போகின்றவர்கள் அந்த இடைவெளியில்தான் போகின்றனர். போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவது எளிதன்று. சித்தியை நிபந்தனையாகக் கொள்ளாத இத்துறைக்குப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. பரீட்சை முடிந்த கையோடு பெயர்ப் பதிவும் வழிகாட்டலும் ஆரம்பிக்கப்பட வேண்டும்.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் பிரச்சினை வேறு விதமானது. தூரமும் பாதுகாப்பும் பற்றிய பெற்றோரின் அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுவர் பராமரிப்பு, சுகாதாரச் சேவை, உணவுப் பதனிடல், இணைய வடிவமைப்பு போன்ற பாடங்களை அவர்களின் ஊருக்கு அண்மையிலுள்ள பாடசாலையில் ஏற்படுத்துவதே அதற்கான பதிலாகும்.

எல்லாவற்றையும் அரசின் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கண்டியிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தொழில் செய்யும் நமது வர்த்தகர்கள் ஆண்டுக்கு ஓரிரு மாணவரையேனும் கொடுப்பனவுடன் பயிலுநராக ஏற்கலாம். ஸகாத் நிதியில் ஒரு பகுதியை, பயிற்சி முடித்த வறிய இளைஞருக்குத் தொழிற்கருவிகள் வாங்கிக் கொடுக்கப் பயன்படுத்தலாம். இன்று பெறுபவர் நாளை கொடுப்பவராக மாற இதைவிடச் சிறந்த வழியில்லை. ஆலய பரிபாலன சபைகளும் திருவிழாச் செலவில் சிறிதை இதற்கு ஒதுக்கலாம். பல்கலைக்கழகம் செல்பவருக்கு மட்டும் மாலையிட்டுப் பாராட்டு விழா எடுக்கும் வழக்கத்தையும் நாம் மாற்ற வேண்டும். 4ஆம் மட்டச் சான்றிதழ் பெற்ற மின்னியலாளரும் அதே மேடையில் அமர்த்தப்பட வேண்டியவரே.

பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்தியடையாத பிள்ளையைத் தண்டனைபோல் இத்துறைக்கு அனுப்பாதீர்கள். சித்தியடைந்த பிள்ளை விரும்பி இதனைக் கேட்டால் தடுக்கவும் வேண்டாம். ஆற்றலுள்ள சில மாணவரேனும் தாமாக இத்துறையைத் தெரிவு செய்யும் நாளில்தான் இதன் மீதான களங்கம் நீங்கும்.

புதிய கல்விச் சீர்திருத்தம் குறித்து 2025 முதல் நாடு விவாதித்து வருகின்றது. அதிலும் தொழிற்கல்வி பற்றி நிறையப் பேசப்படுகின்றது. பேசுவோர் ஹந்தெஸ்ஸையையும் 1972ஐயும் மறக்கலாகாது. இரு முறையும் திட்டம் நல்லதாகவே இருந்தது. அதனை நம்புவதற்குரிய காரணம்தான் பெற்றோருக்குக் கொடுக்கப்படவில்லை. மூன்றாம் முறையும் அதே தவறு நிகழுமாயின், அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அதிகாரிகளல்லர். எந்தத் தொழிலும் கற்காமல் பதினாறு வயதில் பஸ் ஏறும் நமது பிள்ளைகளே.